பிளாஸ்டிக் டப்பாக்களில் பிசுபிசுப்பு: காரணமும் தீர்வும்

ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியது முதல், குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை ஓயும் டிசம்பர் வரை நம் மலைக் கடைகளில் ஈரப்பதம் குறைவதில்லை. இந்த மாதங்களில் பலசரக்குக் கடை பிளாஸ்டிக் டப்பாக்களைத் தொட்டால் விரலில் ஒட்டும். எத்தனை முறை கழுவினாலும் போவதில்லை என்பது பல வணிகர்களின் குறை. பிசுபிசுப்பு ஒரே வகையானதல்ல. காரணம் அறிந்து கழுவினால்தான் நீங்கும்.

முதலாவது, வெல்லம், சர்க்கரை, கற்கண்டு வைத்த டப்பா. இவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசிகின்றன. வெதுவெதுப்பான நீரே இதற்குப் போதும்.

இரண்டாவது, எண்ணெய்ப் பிசுக்கு. மிக்சர், முறுக்கு, நேந்திரம் சிப்ஸ் டப்பாக்களில் இதைக் காணலாம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடும். ஊட்டியின் குளிர்ந்த குழாய் நீரில் கழுவினால் அது இளகாது, இடம்தான் மாறும். சூடான சோப்பு நீர் வேண்டும். நாள்பட்ட எண்ணெய் காற்றுப்பட்டு வார்னிஷ் போல் இறுகியிருந்தால், ஆப்ப சோடாவைச் சிறிது நீரில் குழைத்துத் தடவி, கால் மணி நேரம் கழித்து மென்மையான துணியால் தேய்க்கவும். கம்பி நாரும் சாம்பலும் கீறலை உண்டாக்கும். அடுத்த பிசுக்கு அந்தக் கீறலில்தான் தங்கும். டப்பாவின் அடியில் முக்கோணத்துள் 1 என்று இருந்தால் அது பெட் வகை. சுமார் 70 டிகிரியில் இளகி வளையும் என்பதால் கொதிநீர் ஊற்றக் கூடாது. 5 என்றுள்ள பாலிபுரொப்பிலீன் அதிகச் சூடு தாங்கும்.

மூன்றாவது, லேபிள் பசை. இது நீரில் கரையாது; எண்ணெயில் இளகும். சமையல் எண்ணெயைத் தடவி அரை மணி நேரம் விட்டுத் துடைத்து, பிறகு சோப்பிட்டுக் கழுவினால் போதும்.

இதற்கு நம் மாவட்டத்தில் பலரும் எடுப்பது நீலகிரித் தைலம். பசையை அது விரைவில் கரைக்கும் என்பது உண்மையே. ஆனால் டப்பாவின் உட்புறத்தில் அதைப் படவிடக் கூடாது. பிளாஸ்டிக் அந்த வாசனையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். தேயிலைத் தூளோ எந்த வாசனையையும் எளிதில் பிடித்துக்கொள்ளும் சரக்கு. சில துளித் தைலம் ஒரு டப்பா தேயிலையையே விற்க முடியாததாக்கிவிடும். ஆகவே தேயிலை டப்பாவுக்கு வெளிப்புறத்திலும் சமையல் எண்ணெயே ஏற்றது. எண் 6 இட்ட பாலிஸ்டைரீன் டப்பாவைத் தைலம் மங்கச் செய்து அரித்துவிடும். அது தீப்பற்றக் கூடியது, விழுங்கினால் நஞ்சு. அடுப்புக்கும் குழந்தைகளுக்கும் எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

நான்காவது, பழைய பிளாஸ்டிக்கே சிதைந்து ஒட்டுவது. கழுவிக் காய்ந்த பின்னும் ஒட்டினால் அதற்குத் தீர்வில்லை. உணவுப் பொருளுக்கு அதைப் பயன்படுத்தாமல் ஒதுக்கிவிட வேண்டும்.

கழுவுவதைப் போலவே உலர்த்துவதும் முக்கியம். மூடுபனி நாளில் வெளியே கவிழ்த்து வைத்த டப்பா மாலை வரை காயாது. ஈரத்தோடு சரக்கைக் கொட்டினால் பூஞ்சை பிடிக்கும். சுத்தமான துணியால் துடைத்து, மூடியைத் தனியே கழற்றி, வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் ஓரிரவு வைப்பது நல்லது. மூடியின் உள்வளையத்தில்தான் பிசுக்கு அதிகம் சேரும். அதையும் கழற்றிக் கழுவவும்.

தமிழகத்தில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உள்ளது. டப்பாவிலிருந்து அள்ளி, எடைபோட்டு, வாடிக்கையாளர் கொண்டுவரும் பாத்திரத்தில் கொடுக்கும் வியாபாரத்தில், நம் டப்பாவின் சுத்தம் அவர் கண்ணுக்கு நேரே தெரிகிறது.

கழுவிக் காய்ந்த டப்பாவை மூடி ஓரிரவு வைத்து, காலையில் திறந்து முகர்ந்து பாருங்கள். சிறு வாசனை இருந்தாலும் அதில் தேயிலை வைக்க வேண்டாம்.