ஒரே ஆல்பத்தில் பல கைகள்

பென்னாகரம் வட்டாரத்து வீடுகளில், சுவரில் மாட்டிய கண்ணாடிச் சட்டங்களுக்குள் மூன்று தலைமுறையினர் நெருக்கியடித்து நிற்பதைக் காணலாம். அலமாரியைத் திறந்தால் பழைய பேரேடு ஒன்று அகப்படும். திருமண அழைப்பிதழும், செய்தித்தாள் துண்டும், பள்ளிப் படமும் அதில் பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கும். படம் தாயின் வீட்டில் இருக்கிறது. அதில் நிற்பவர் யாரென அறிந்த பெரியப்பாவோ பெங்களூரில் இருக்கிறார். அதனை அழகாக எழுதி வைக்க வல்ல பேத்தி திருப்பூரில் வேலை பார்க்கிறாள். இம்மூவரும் இணையத்தின் வழியே ஒரே ஏட்டில் ஒட்டவும் எழுதவும் இயன்றால் எத்துணை நன்று! கணினி பயின்ற இளைஞர் நம்மிடையே பலர் உளர். அவருள் ஒருவர் இத்தகைய கருவியை வடிவமைக்க முற்படின், முதலில் எதனை எண்ண வேண்டும்?

வண்ணப் பின்னணியையும் பூவேலைப்பாட்டையும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே பக்கத்தில் இரு கைகள் மோதும்போது நிகழ்வது யாது என்பதே முதல் வினா.

படத்தில் இடப்புறம் நிற்பவர் தாத்தாவின் தம்பி என ஒருவர் எழுதுகிறார். மற்றவர் அதனை அழித்து, மைத்துனர் என்கிறார். கவனமின்றி அமைத்த கருவியில் கடைசியாக எழுதியவரே வெல்வார். முன்னவர் எழுதியது சுவடின்றி மறையும். அமெரிக்கரான வார்டு கன்னிங்காம் 1995இல், எவரும் திருத்தக்கூடிய பக்கங்களை இணையத்தில் தொடங்கி, அதற்கு விக்கி எனப் பெயரிட்டார். ஹவாய் மொழியில் அச்சொல்லுக்கு விரைவு என்று பொருள். விரைவு மட்டும் போதாது என்பதைக் காலம் காட்டிற்று. 2001இல் தோன்றிய விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு திருத்தமும் அதனைச் செய்த கணக்கோடும் நேரத்தோடும் வரலாற்றுப் பக்கத்தில் நிற்கிறது. இருவர் ஒரே வரியில் ஒருங்கே கை வைத்தால், பின்னவருக்கு எச்சரிக்கை வருகிறது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரியுண்ட துயரை நாம் அறிவோம். ஈழத்துத் தமிழரின் ஏடுகளைக் காக்க 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் இணையத் திட்டமும் விக்கிப்பீடியாவின் மென்பொருளையே ஏற்றது. மறைந்தோருக்கென உறவினர் வெளியிட்ட நினைவு மலர்களும் அங்கே சேர்ந்துள்ளன.

பங்குப் பதிவேட்டின் முறையும் இதுவேயன்றோ! திருமுழுக்குப் பதிவில் ஒரு பிழை தெரிந்தால், பழைய எழுத்தைச் சுரண்டுவதில்லை. ஓரத்தில் குறிப்பெழுதிக் கையொப்பமிடுவர். பிற்காலத்துத் திருமணமும் அதே ஓரத்தில் இடம்பெறும்.

இதனை நாம் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. பழைய ஆல்பங்களில் கத்தரிக்கோல் பட்ட படங்களை எத்தனையோ இல்லங்களில் காண்கிறோம். பெற்றோர் விரும்பாத மணம் செய்துகொண்ட மகளின் முகம் இருந்த இடத்தில் ஓட்டை. பாகப் பிரிவினையில் பகைத்த தம்பி நின்ற இடத்தில் கிழிசல். அன்றைய கத்தரிக்கோலுக்கு ஒரு பிரதிதான் அகப்பட்டது. அத்தை வீட்டில் மற்றொரு பிரதி தப்பியிருக்கும். பொதுவான இணைய ஏட்டிலோ ஓர் அழுத்தலில் எல்லோருடைய பிரதியிலும் அந்த முகம் போய்விடும். ஆகவே மூலப்படத்தை எவரும் வெட்ட இயலாதவாறு கருவி அமைதல் வேண்டும். காண மனமில்லாதவர் தம் பார்வையிலிருந்து மட்டும் அதனை மறைத்துக்கொள்ளட்டும்.

ஆயின் அம்மகளே தன் படம் வேண்டாமென்றால்? அஞ்சி வாழ்கிறவளுக்குப் படமும் ஊர்ப்பெயரும் வழிகாட்டிப் பலகை ஆகிவிடக்கூடும். படத்தில் இருப்பவரின் விருப்பம் ஒட்டியவரின் விருப்பத்துக்கு மேற்பட்டது என்பது நம் தீர்ப்பு. குடும்பத்தின் நினைவில் ஒரு பக்கம் வெறுமையானாலும் சரியே. சிறுவர் விஷயத்தில் அரசே கண்டிப்பாக உள்ளது. 2023இல் இயற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளும் நிறுவனங்கள் பெற்றோரின் இசைவைப் பெற வேண்டும் என்கிறது.

வாட்ஸாப் குழு இருக்க இவையெல்லாம் எதற்கு என்பார் உண்டு. அங்கே வழக்கமான முறையில் அனுப்பும் படம் சுருங்கிப்போகிறது. மாமாவின் திருமணப் படம் காலை வணக்கப் பூக்களுக்கு அடியில் புதைகிறது!

ஆர்க்குட் என்றொரு தளத்தில் நம் இளைஞர் படங்களைக் குவித்து மகிழ்ந்தனர்; 2014 செப்டம்பரில் அது மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மறைந்தது. கருவி மறைந்தாலும் ஏடு பிழைக்க வேண்டுமெனில், எல்லாவற்றையும் ஒரே கட்டாக இறக்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் வழி முதல் நாளிலேயே இருத்தல் வேண்டும்: படங்கள் எங்கும் திறக்கும் ஜேபெக் வடிவிலும், எழுத்து யூனிகோடிலும். ஒரு காலத்துத் தனித்தனி எழுத்துருக்களில் அடித்துவைத்த தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் இன்று புரியாக் குறிகளாய்த் தெரிகிறது.

இன்னும் ஒன்று. படத்தில் இருப்போரை நன்கறிந்த பாட்டிமாருள் பலருக்குத் தட்டச்சு வராது. எழுத்தே அறியாதாரும் உளர். எழுதும் பெட்டிக்கு முன்னதாகவே ஒலிப்பதிவுப் பொத்தான் இருக்கட்டும். பாட்டி படத்தைத் தொட்டுப் பேசுவார். பேத்தி பின்னர்க் கேட்டு எழுதுவாள். எழுதிய பின்னும் அக்குரல் படத்தருகே இருக்கட்டும்.