மாருதி இன்ஜினில் ஒரு ரேஸ் கார்

ஸ்டியரிங்கைக் கழற்றி வெளியே வைத்தால்தான் உள்ளே இறங்க முடியும். காலை நீட்டி, இடுப்பை நெளித்து உட்கார்ந்ததும் மெக்கானிக் பெல்ட்டை இழுத்து இறுக்குகிறார், மூச்சு முட்டும் அளவுக்கு. பிறகு ஸ்டியரிங் தன் இடத்துக்கு வருகிறது. ஓட்டுபவருக்கும் தரைக்கும் சில அங்குலம்தான் இடைவெளி. முதுகுக்குப் பின்னால் உறுமுவது, ஒரு காலத்தில் மாருதி ஸ்விஃப்ட்டில் வந்த அதே 1,300 சிசி இன்ஜின்.

எல்ஜிபி ஃபார்முலா 4 கார் இது. ஓடுவது, கோவை செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில். ஒரே ஒருவர் உட்காரும், சக்கரங்கள் வெளியே தெரியும் இந்த வகைக் கார் கோவையில் பிறந்ததற்கு ஒரு மனிதரின் பிடிவாதம் காரணம்.

எஸ்.கரிவரதன், லட்சுமி மில்ஸ் குடும்பத்துப் பிள்ளை. சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களில் கலக்கியவர். அன்று நல்ல ரேஸ் கார் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும். அது வசதி படைத்த சிலரால் மட்டுமே முடிந்த காரியம். எண்பதுகளின் கடைசியில் கரி வேறு கணக்குப் போட்டார். இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து சட்டம், அதில் மாருதி 800-இன் 796 சிசி இன்ஜின். கெட்டுப்போனால் உதிரிபாகம் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். பம்ப்செட்டும் நூற்பு இயந்திரமும் செய்து பழகிய கோவைப் பட்டறைகளுக்கு இது கைவந்த வேலை. ஃபார்முலா மாருதி அப்படித்தான் வந்தது. 1995-இல் விமான விபத்தில் கரி இறந்துபோனார். செட்டிப்பாளையத்துத் தடம் அவர் பெயரைத்தான் சுமக்கிறது.

பிரிட்டனிலும் இதே யோசனைதான் வென்றது. 1967-இல் பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில் தொடங்கிய ஃபார்முலா ஃபோர்டுக்கு, சாதாரண ஃபோர்டு கார்ட்டினாவின் இன்ஜின். காற்றழுத்தம் தரும் இறக்கைகளுக்கு இடமில்லை.

மலிவு என்றதும் மட்டம் என்று நினைப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. எல்லோருக்கும் ஒரே இன்ஜின், ஒரே டயர் என்றால் பணம் கொட்டி முந்த முடியாது. முன்னால் போகும் காரின் பின்னால் ஒட்டிக்கொண்டு, அது காற்றைக் கிழித்துத் தரும் வழியில் வேகம் கூட்டி, வளைவுக்குச் சற்று முன் பக்கவாட்டில் நழுவி வெளியே வர வேண்டும். பிரேக்கை அரை நொடி தாமதித்து மிதிக்கும் துணிச்சலும், அதற்குப் பிறகு காரைத் தடத்திலேயே வைத்திருக்கும் நிதானமும் சேர்ந்தால்தான் ஓர் இடம் கூடும். கரி ஸ்பீட்வே சுமார் 2.1 கிலோமீட்டர்தான். விட்டதைப் பிடிக்க நீண்ட நேர்ப்பாதை கிடையாது.

கோவைக்காரர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா மாருதியில் தொடங்கி, 2005-இல் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1 ஓட்டினார். பெருமைதான். ஆனால் அந்தக் கதையையே சொல்லிச் சொல்லி, இந்தக் கார்களை வெறும் ஏணிப்படியாக்கிவிட்டோம். வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, சேர்த்து வைத்த பணத்தை ஒரு டீமிடம் கட்டி, சனி ஞாயிறு பன்னிரண்டாவது இடத்துக்காக உயிரைக் கொடுத்து ஓட்டுகிறவரும் பந்தய வீரர்தான்.

மலிவு என்றாலும் சும்மா வராது. போட்டி லைசென்ஸ், தீத்தாங்கும் உடை, ஹெல்மெட், கழுத்துப் பாதுகாப்புக் கருவி, டயர், பயிற்சி ஓட்டம் என்று செலவு நீளும். தடுப்பில் மோதினால் சஸ்பென்ஷன் கம்பிகளுக்குத் தனிச் செலவு.

புதியவர்களுக்கென்று நோவிஸ் கப் பந்தயங்கள் வந்தது நல்ல காரியம். ஆனால் நாற்பது வயதில் ஆசையை நிறைவேற்ற வருகிறவர், பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவேதான் மோத வேண்டும். பிரிட்டிஷ் கிளப்புகள் பழைய ஃபார்முலா ஃபோர்டு கார்களுக்கென்றே தனிப் பந்தயம் நடத்துகின்றன. இங்கும் பழைய கார்களைத் தூசு தட்டி, வயதில் மூத்தவர்களுக்கென்று ஒரு பிரிவு தொடங்கலாம். சோழவரத்தைப் பார்த்து வளர்ந்த தலைமுறையிலிருந்தே அதற்கு ஆள் வரும்.