ஒன்னுக்கு டியூப் போட்ட பெரியவர் வீட்டில் இருந்தால்...



வயதானவங்களுக்கு ஒன்னுக்கு அடைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரியில் டியூப் போட்டு, பையை மாட்டி வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்குப் பிறகு பார்த்துக்கொள்வது மருமகளோ மகளோ, அதாவது நாம்தான். ஆனால் அந்த டியூப் உள்ளே எப்படி நிற்கிறது என்று நம்மில் பல பேருக்குத் தெரியாது.

இதற்கு ஃபோலி கதீட்டர் என்று பெயர். 1930களில் அமெரிக்க டாக்டர் ஃபிரடெரிக் ஃபோலி கொண்டுவந்தது. நுனியில் சின்ன பலூன் இருக்கும். டியூப் சிறுநீர்ப்பைக்குள் போனதும், சுமார் 10 மில்லி சுத்தமான தண்ணீரை அதில் ஏற்றுவார்கள். பலூன் உப்பி டியூபைப் பிடித்துக்கொள்ளும்.

வம்பே இந்தப் பலூனில்தான். வயதான ஆண்களுக்கு ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை நெருக்கும். டியூப் பாதியில் நிற்கும்போதே பலூனை ஊதிவிட்டால் பாதை கிழிந்து ரத்தம் வரும். அதனால்தான் ஒன்னுக்கு வழிந்த பிறகே ஊதுவார்கள். ஊதும்போது பெரியவர் வலியில் துடித்தால் உடனே நர்சம்மாவிடம் சொல்லுங்கள், கூச்சப்படாதீங்க. ஆண்களுக்கு முன்தோலைப் பின்னால் தள்ளித்தான் டியூப் போடுவார்கள். போட்ட பிறகு அதைப் பழையபடி முன்னால் இழுத்துவிட வேண்டும். மறந்தால் வீங்கி இறுகிவிடும். வீட்டில் கழுவிவிடும்போதும் இதைக் கவனிங்க.

நினைவு தடுமாறும் பெரியவர்கள் ராத்திரியில் டியூபைப் பிடுங்கிவிடுவார்கள். உப்பின பலூனோடு வரும்போது ரத்தம் கொட்டும். திரும்ப உள்ளே திணிக்காதீங்க. சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, பிடுங்கிய டியூபையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க. நுனி முழுசாக இருக்கிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். டியூபைத் தொடையில் பிளாஸ்திரியால் ஒட்டி வைத்தால் இந்த இழுபறி குறையும்.

ஒன்னுக்கு நின்றுபோனால் முதலில் டியூப் மடங்கியிருக்கா, பெரியவர் அதன்மேல் படுத்திருக்கிறாரா, மலச்சிக்கலா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை, அடிவயிறு கல் மாதிரி இருக்கிறது என்றால் விடியட்டும் என்று இருக்காதீங்க. செம்மேட்டிலிருந்து காரவள்ளிக்கு இறங்கவே 70 கொண்டை ஊசி வளைவு. 108-ஐ உடனே கூப்பிடுங்க.

டியூப் இருக்க இருக்க நாளுக்கு நாள் கிருமி சேரும். பையை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கவிடுங்கள், தரையில் வைக்காதீங்க. தொடும் முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். டியூப் நுழையும் இடத்தைத் தினமும் சோப்புத் தண்ணீரால் கழுவினால் போதும். மஞ்சளும் வேண்டாம், டெட்டாலும் வேண்டாம். ஒன்னுக்கு நாறுகிறது என்பதற்காக மட்டும் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க. ஆனால் குளிர்க்காய்ச்சல், இடுப்பு வலி, திடீரென உளறல், சாப்பிடாமல் சுருண்டு கிடப்பது இதெல்லாம் அவசரம். வயதானவங்களுக்குக் காய்ச்சலே இல்லாமலும் கிருமி ரத்தத்தில் ஏறும்.

துணி மாற்றுவது சிரமம் என்று சில வீடுகளில் டியூபை எடுக்கவே விடுவதில்லை. காட்டு வேலையும் பார்த்து இதையும் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தெரிந்ததுதான். இருந்தாலும் அதற்காக டியூப் இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறை போகும்போதும், "இன்னும் இது தேவையா டாக்டர்?" என்று கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து ஆதரவு சிகிச்சை தர வழி உண்டு. உங்கள் ஊர் நர்சம்மாவிடம் பெயர் கொடுங்கள்.

ரப்பர் டியூபைச் சில வாரங்களிலும், சிலிக்கான் டியூபை அதிகபட்சம் மூன்று மாதத்திலும் மாற்றுவார்கள். எது போட்டிருக்கிறார்கள், அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.