வள்ளத்தின் அடியிலும் களை முளைக்கும்

வயலை விட்டு வந்து, பரவைக்கடல் ஓரத்தில் கொட்டில் போட்டுக் குடியிருக்கும் குடும்பமொன்றை அண்மையில் சந்தித்தோம். பரம்பரையாக நெல் விதைத்தவர்கள். சொந்தக் காணி இன்னும் கைக்கு வராத நிலையில், குடும்பத் தலைவர் 18 அடி பைபர் வள்ளமொன்றில் தொழில் செய்து பிழைக்கிறார்.

"எஞ்சின் இழுக்குதில்லைச் சுவாமி. மண்ணெண்ணெயைத்தான் குடிக்குது. வித்துப்போட்டுக் கூலி வேலைக்குப் போகலாமெண்டு யோசிக்கிறன்" என்றார்.

இடுப்பளவு நீரில் இறங்கி வள்ளத்தின் அடியைத் தடவிப் பார்த்தோம். பாசியும் கூரான சிப்பிகளுமாக அது கல்லு மதில் போலிருந்தது. பழுது எஞ்சினில் இல்லை, அடியில் இருந்தது.

"கரையில் ஏற்றித் துப்புரவு செய்தால் என்ன?" என்று கேட்டோம்.

"ஏத்துறதெண்டால் பத்துப் பேர் வேணும். ஆரைக் கூப்பிடுறது? எங்கட சனம் ஒவ்வொரு திக்கில கிடக்குது."

இந்தப் பதிலே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. உறவும் அயலும் சிதறிய குடும்பத்திற்கு வள்ளத்தைக் கரையேற்றுவது பெரும் பாடு. ஆனால் கரையேற்றாமலே, கணவனும் மனைவியுமாக இருவர் சேர்ந்து அதனைச் சுத்தமாக வைத்திருக்க முடியும்.

களை வளரும் விதம்

சுத்தமான வள்ளம் கடலில் இறங்கிய சில மணி நேரத்திலேயே கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதில் படியத் தொடங்குகின்றன. சில நாட்களில் வழுவழுப்பான படலம் தோன்றும். பின்னர் பச்சைப் பாசி வளரும். அதனோடு கொட்டலசு எனப்படும் சிறு வெண்ணிறக் கூம்புகளும் வந்து ஒட்டும். பார்வைக்குச் சிப்பி போலிருந்தாலும் இது இறால், நண்டின் உறவு. குஞ்சாக நீந்தித் திரிந்து, பிடித்த இடம் கண்டதும் தலைகீழாக ஒட்டிக்கொண்டு, தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பு ஓடு கட்டிக்கொள்கிறது. ஓடு முற்றினால் உளி கொண்டுதான் பெயர்க்க வேண்டும். குண்டூசித் தலையளவில் இருக்கும்போது தேய்த்தாலே போய்விடும்.

கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. கோரையை இளசில் பிடுங்குவதற்கும் கிழங்கு வைத்தபின் பிடுங்குவதற்கும் உள்ள வித்தியாசந்தான் இது.

எவ்வளவு நட்டம்?

ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் சிறு மீன்பிடி வள்ளக்காரருக்காக 1999இல் வெளியிட்ட கைநூலொன்று, தடுப்பு மை பூசாத வள்ளத்தின் எரிபொருட் செலவு ஒரு மாதத்தில் 7 வீதம் வரையும், ஆறு மாதத்தில் 44 வீதம் வரையும் கூடக்கூடும் என்கிறது.

2022 ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டதை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த விலையில் கணக்குப் பாருங்கள். நாளுக்கு 10 லீற்றர் எரிக்கும் வள்ளம் 44 வீதம் கூடுதலாக எரித்தால் 4.4 லீற்றர். அதாவது ஒரு நாளில் 1,496 ரூபா! வலையில் விழுவதற்கு முன்பே பாசி தின்று விடுகிறது.

தண்ணீரிலேயே துப்புரவு

பெரிய வற்று, பெருக்கு உள்ள நாடுகளில் வள்ளத்தை மணலில் நிறுத்தி, நீர் வற்றியதும் அடியைக் கழுவி, அடுத்த பெருக்கில் மிதக்க விடுவார்கள். எமது கடலில் நீர் மட்டம் அரை மீற்றர் அளவே ஏறி இறங்குவதால் அம்முறை சரிவராது. எமக்குப் பொருந்தும் முறை பின்வருமாறு:

1. கிழமைக்கு ஒரு நாளை ஒதுக்குங்கள். தொழிலுக்குப் போகாமல் வள்ளம் சும்மா நிற்கும் காலத்தில் களை கூடுதலாகப் பிடிக்கும். அப்போதுதான் கூடுதல் கவனம் வேண்டும்.

2. அலையில்லாத, இடுப்பளவு நீரில் வள்ளத்தை நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து மேலே தூக்கிவிடுங்கள்.

3. வலை, நங்கூரம் முதலிய பாரங்களை ஒரு பக்கத்துக்கு மாற்றினால் மறுபக்கம் சற்று உயரும். அப்பக்கத்தைத் தேங்காய்ப் பொச்சினால் அல்லது மடித்த பழைய வலைத் துண்டினால் தேயுங்கள். பின்னர் பாரத்தை மாற்றி மறுபக்கத்தைத் தேயுங்கள்.

4. கை எட்டாத நடு அடிக்கு, நீண்ட கயிற்றின் நடுவில் சாக்கைச் சுற்றிக் கட்டுங்கள். அதை வள்ளத்தின் கீழாக விட்டு, இருவர் இருபக்கமும் நின்று வாள் இழுப்பது போல மாறி மாறி இழுத்தபடி முன்னிருந்து பின்னுக்கு நகருங்கள்.

5. ஒட்டிய ஓடுகளை மரத்துண்டினால் தட்டி எடுங்கள். கத்தியும் இரும்புத் தகடும் வேண்டாம். பைபரின் மேற்பூச்சுக் கீறுப்பட்டால் களை அதிற்தான் இறுகப் பிடிக்கும்.

6. தொழில் முடிந்ததும் எஞ்சினை நீருக்கு மேலே தூக்கி வையுங்கள். அதன் காற்றாடியிலும் நீர் உறிஞ்சும் துவாரத்திலும் களை பிடிக்காது.

நன்னீர் வாய்க்கால் அண்மையில் இருந்தால், அங்கே சில நாட்கள் வள்ளத்தைக் கட்டி வைப்பதும் நல்லது. கடலுயிர்களிற் பல நன்னீரில் இறந்துவிடும். ஆனால் ஓடு தானாக விழாது, தேய்த்தே ஆகவேண்டும்.

கவனிக்க வேண்டியவை

பிரித்தானியக் கடற்படை 1761இல் "அலாம்" என்ற கப்பலின் அடிக்குச் செப்புத் தகடு அடித்தது. அதே செம்பின் நஞ்சே இன்றைய தடுப்பு மைகள் பலவற்றிலும் வேலை செய்கிறது. அத்தகைய மை பூசிய வள்ளத்தை மென்மையான துணியால் மட்டும் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் காசு கொடுத்து வாங்கிய மையும் போகும். இறால் குஞ்சு வளரும் நீரிலும் நஞ்சு கலக்கும். பிள்ளைகள் குளிக்கும் இடத்தில் இதைச் செய்யவே வேண்டாம்.

செருப்பும் கையுறையும் அணியுங்கள். இந்த ஓடு வெட்டிய காயம் இலகுவில் புண்ணாகும். உடனே நன்னீரில் கழுவுங்கள். தனியாக வள்ளத்தின் கீழே சுழியோட வேண்டாம்.

மர வள்ளமாயின் இன்னொன்று. மரத்தைத் துளைத்து உள்ளே வாழும் புழுவுக்கு வெளித் தேய்ப்பு மருந்தாகாது. எந்த வள்ளமும் ஆண்டுக்கு ஒருமுறையாவது கரையேறி வெடிப்பும் உளுப்பும் பார்க்கப்பட வேண்டும். அந்த ஒரு நாளுக்கு, அருகருகே குடியிருக்கும் ஐந்தாறு குடும்பங்கள் முறை வைத்துக் கைகொடுக்கலாம். வயலில் ஆளுக்கு ஆள் மாறி அருவி வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல.

மேலே சொன்ன குடும்பம் மூன்று மாலைப் பொழுதுகளில் வேலையை முடித்தது. வள்ளம் விற்கப்படவில்லை. இப்போது சனி மாலை கயிறு இழுப்பது அவர்கள் வழக்கம்; மூத்த மகளும் ஒரு முனையைப் பிடிக்கிறாள்.

கெனேசரேத்துக் கரையில் ஆண்டவர் கண்ட மீனவர்கள் இரவு முழுவதும் பாடுபட்டும் ஒன்றும் அகப்படாதவர்கள். ஆயினும் அவர்கள் வலையை எறிந்துவிட்டுப் போகவில்லை, கழுவிக்கொண்டிருந்தார்கள். காணி திரும்பும் நாள் எமது கையில் இல்லை. அதுவரை சோறு போடும் வள்ளத்தைச் சுத்தமாக வைத்திருப்பது எமது கையிலேயே இருக்கிறது.