கருவுக்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி

வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பெண்களில் பலர், நாள் தள்ளிப்போனதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். இல்லையென்றால், புகுந்த வீட்டுக்குத் தெரியாமல் விழுங்கிவந்த மாத்திரையாக அது இருக்கும். காரைக்காலின் கோட்டுச்சேரிமேடு போன்ற நெருக்கமான மீனவக் கிராமத்தில் ஒரு வீட்டுச் சங்கதி அடுத்த வீட்டுக்குப் போக அதிக நேரம் ஆகாது. அந்தப் பயத்திலேயே நோயை மறைக்கிறார்கள்.

திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தின் மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கல்யாணத்துக்கு முன்பே வலிப்பு இருந்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சம்பந்தம் பேசும்போது அதைச் சொல்லவில்லை என்று தெரிந்தது. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு குறையாக எழுதப்பட்டிருந்ததை 1999இலேயே நீக்கிவிட்டார்கள். பெண் பார்க்க வருபவர்களின் மனசிலிருந்து அது இன்னும் நீங்கவில்லை.

அதே நிறுவனத்தில் 1998இல் டாக்டர் சஞ்சீவ் தாமஸ் தொடங்கியதுதான் வலிப்புள்ள கர்ப்பிணிகளுக்கான கேரளப் பதிவேடு. பெண்களைக் கருத்தரிக்கும் முன்பிருந்தே பின்தொடர்ந்து, பிறந்த பிள்ளைகளையும் வளர வளரப் பரிசோதித்து வருகிறார்கள். 1,297 கர்ப்பங்களை ஆராய்ந்ததில் ஏறக்குறைய பாதியில் வலிப்பு வந்திருக்கிறது. பிரசவத்தை ஒட்டிய மூன்று நாட்களில்தான் அபாயம் மிக அதிகம். கருத்தரிப்பதற்கு முந்தைய மாதம் வலிப்பு வராதவர்களுக்குக் கர்ப்பத்தில் அது வரும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்திருந்தது.

எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. சோடியம் வால்புரோயேட் தனி ரகம். வால்பரின், என்கோரேட் என்ற பெயர்களில் மருந்துக்கடையில் கிடைப்பது. 42 நாடுகளைச் சேர்ந்த 7,355 கர்ப்பங்களை அலசி 2018இல் வந்த ஆய்வில், வால்புரோயேட் சாப்பிட்ட தாய்மாரின் பிள்ளைகளில் 10.3 சதவீதத்தினருக்குப் பெரிய பிறவிக் குறைகள் இருந்தன. லெவெடிராசெட்டத்தில் அது 2.8 சதவீதம், லாமோட்ரிஜினில் 2.9. வயிற்றில் இருந்தபோது வால்புரோயேட்டுக்கு ஆளான பிள்ளைகளின் நுண்ணறிவு எண், ஆறு வயதில் வேறு வலிப்பு மருந்துகளுக்கு ஆளான பிள்ளைகளைவிட 8 முதல் 11 புள்ளிகள் குறைந்திருந்ததை 2013இல் இன்னோர் ஆய்வு காட்டியது.

இந்த மருந்து முதலில் விற்பனைக்கு வந்தது பிரான்ஸில், 1967இல். அங்கே 2,150 முதல் 4,100 பிள்ளைகள் வரை இதனால் பெருங்குறையோடு பிறந்திருக்கலாம் என்று அந்நாட்டு அரசு அமைப்புகளே 2017இல் கணக்கிட்டன. தாய்மார் சங்கம் அமைத்துப் போராடிய பிறகுதான் அங்கே மருந்துப் பெட்டியில் கர்ப்பிணிக்கான எச்சரிக்கைப் படம் ஏறியது. பிரெஞ்சுக் குடியுரிமையோடு உறவினர் வாழும் காரைக்கால் குடும்பங்களுக்கு அந்தப் பெட்டி கைக்கெட்டும் தூரம். கோட்டுச்சேரிமேட்டுப் பெண்ணுக்கும் அதே எச்சரிக்கை அவள் மொழியில் கிடைக்க வேண்டும்.

அப்படியானால் கர்ப்பம் தெரிந்ததும் நிறுத்துவது சரிதானே? சரியில்லை. சிசுவின் நரம்புக் குழாய் கருத்தரித்த நான்கே வாரத்தில் மூடிவிடுகிறது. நாள் தள்ளியதைக் கவனித்து, சோதித்து, உறுதி செய்வதற்குள் அந்தக் கட்டம் பெரும்பாலும் கடந்துவிடும். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு அடுக்கடுக்காக வந்து தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம். மாத்திரையை மாற்றுவதானால் கருத்தரிப்பதற்குப் பல மாதங்கள் முன்பே, மருத்துவர் சொல்லி மாற்ற வேண்டும்; ஃபோலிக் அமிலத்தையும் அப்போதே தொடங்க வேண்டும். சிலருக்கு வால்புரோயேட் தவிர வேறெதுவும் கேட்காது. அவர்களுக்கு அளவைக் குறைத்துப் பார்க்கலாமா என்பதையும் நரம்பியல் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரியான கவனிப்பு இருந்தால் கர்ப்பத்தால் வலிப்பு கூடுவதில்லை என்று 2020இல் வந்த அமெரிக்க ஆய்வு காட்டியது. அதில் கர்ப்பிணிகளில் 74 சதவீதத்தினருக்கு மருந்தின் அளவை மாற்றினார்கள். லாமோட்ரிஜின் போன்ற மருந்துகள் கர்ப்பத்தில் உடம்பிலிருந்து வேகமாக வெளியேறுவதால், அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். மாத்திரை சாப்பிடும் தாய்மாரில் பெரும்பாலோர் தாய்ப்பாலும் கொடுக்கலாம்.

முன்பு வலிப்பே இல்லாத கர்ப்பிணிக்கு ஐந்தாம் மாதத்துக்கு மேல் வலிப்பு கண்டால், அது பெரும்பாலும் ரத்தக்கொதிப்பால் வரும் ஜன்னி. கையில் சாவிக்கொத்தைத் திணிக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மெக்னீசியம் சல்பேட் ஊசி உயிரைக் காக்கும்.

உங்கள் வீட்டில் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுகிறீர்களா? மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு இந்த மாதமே அவளோடு மருத்துவரிடம் போங்கள். மாப்பிள்ளை வீட்டாரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.