லினக்ஸ் எங்கேயும் போகவில்லை

ஜவ்வாது மலை ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுதியிருக்கிறார். அண்ணன் பிளஸ் டூ படித்தபோது வாங்கிய அரசு லேப்டாப் இப்போது அவர் கையில். விண்டோஸ், பாஸ் லினக்ஸ் இரண்டும் அதில் இருந்தன. விண்டோஸ் மக்கர் பண்ணவே, மலையிறங்கி ஒரு கடையில் கொடுத்துப் புதிதாகப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். இப்போது நேராக விண்டோஸ்தான் வருகிறது. லினக்ஸில் வைத்திருந்த பாடக்குறிப்புகள்? “அதெல்லாம் போயிடுச்சும்மா” என்றாராம் கடைக்காரர்.

விண்டோஸில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பாருங்கள். எழுத்துப் பெயர் இல்லாத ஒரு பார்டிஷன் தெரிந்தால், குறிப்புகள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கின்றன.

அழிந்திருப்பது 446 பைட். பழைய வகைக் கணினிகளில் டிஸ்க்கின் முதல் செக்டர் 512 பைட். கடைசி 2 பைட் அடையாள முத்திரை. அதற்கு முந்தைய 64 பைட் பார்டிஷன் அட்டவணை. மிஞ்சிய 446 பைட்டில்தான் கணினியை எழுப்பும் நிரல் உட்கார வேண்டும். எவ்வளவு சின்ன இடம் தெரியுமா? யூடிஎஃப்-8 முறையில் ‘கி’ என்று எழுதவே 6 பைட் வேண்டும். ககரத்துக்கு 3, கொக்கிக்கு 3. இந்தப் பத்தியேகூட அதற்குள் கொள்ளாது. அதனால் லினக்ஸின் ‘கிரப்’ தன்னில் ஒரு துளியை மட்டும் அங்கே வைத்து, மிச்சத்தை வேறிடத்திலிருந்து படித்துக்கொள்கிறது. என்னை இன்றும் வியக்க வைக்கும் சிக்கனம் இது. விண்டோஸைத் திரும்ப நிறுவும்போது அது அந்தத் துளியின் மேல் தன் நிரலை எழுதிவிடுகிறது.

எங்கள் ஊர் முச்சந்தியில் புதுக் கைகாட்டி நட்டபோது பக்கத்துக் கிராமத்தின் பெயர் விட்டுப்போனது. வெளியூர்க்காரர்கள் சுற்றி அலைந்தார்கள்; கிராமம் இருந்த இடத்தில்தான் இருந்தது.

ஆபத்து இனிமேல்தான். லினக்ஸ் பார்டிஷனைப் படிக்கத் தெரியாத விண்டோஸ், ‘ஃபார்மட் செய்யவா?’ என்று கேட்கலாம். கேன்சல் கொடுங்கள்.

பாஸ் என்பது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கியது; தமிழிலேயே இயங்கும். 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டம் அதை மாணவர் கைக்குக் கொண்டுவந்தது. ஆனால் எதற்கென்று சொல்லிக் கொடுக்க ஆளில்லை. பல கடைகளில் இடத்தை அடைக்கிறது என்று கேட்காமலே அழிக்கிறார்கள். அந்தக் காலத்து விண்டோஸ் 7-க்கோ பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரியோடு நின்றன. சிக்னலுக்கு மேடு தேடும் பிள்ளைகளிடமிருந்து, இணையம் இல்லாமலும் வேலை செய்யும் இலவச மென்பொருளைப் பறிப்பது அநியாயம்.

லினக்ஸை மீட்க, ஒரு லைவ் லினக்ஸ் பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். முதல் வேலை, குறிப்புகளை வேறொரு பென்டிரைவுக்குக் காப்பி செய்வது. பிறகு பழைய லினக்ஸ் பார்டிஷனை மவுண்ட் செய்து, ‘சிஎச்ரூட்’ வழியாக உள்ளே போய், ‘கிரப்-இன்ஸ்டால்’, ‘அப்டேட்-கிரப்’ கட்டளைகளைக் கொடுங்கள். கிரப்-இன்ஸ்டாலுக்கு முழு டிஸ்க்கின் பெயரைத் தர வேண்டும்: ‘எஸ்டிஏ’, ‘எஸ்டிஏ1’ அல்ல.

யூஈஎஃப்ஐ உள்ள புது லேப்டாப் என்றால் இவ்வளவு பாடில்லை. அதில் ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனி ஃபோல்டர். விண்டோஸ் தன்னை வரிசையில் முன்னே நிறுத்திக்கொள்ளும், அவ்வளவே. பெரும்பாலும் பூட் வரிசையை மாற்றினால் போதும்.