ரப்பர் மரத்தில் மேசை செய்யப் போகிறீர்களா?
25, 30 ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த ரப்பர் மரத்தை ஒரு காலத்தில் நம் தோட்டங்களில் விறகாக எரித்தார்கள். இன்று அதே மரம் மேசை, நாற்காலியாகக் கடைக்கு வருகிறது.

வீட்டிலேயே மேசை செய்ய விரும்புவோர், வெட்டிய மரத்தை அப்படியே அறுத்துப் பயன்படுத்த வேண்டாம். அதில் மாவுச்சத்து அதிகம். சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலக்கறை படரும்; வண்டும் துளைக்கும். போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்திய பலகையைக் கேட்டு வாங்குங்கள். மழையில் அந்த மருந்து கரைந்துவிடும் என்பதால் மேசையை வீட்டுக்குள் மட்டும் வையுங்கள்.

மேற்பலகையைப் பொருத்தும்போது, கீழ்ச்சட்டத்தில் ஸ்குரு துளையைப் பலகையின் அகலவாக்கில் சற்று நீளமாகப் போடுங்கள். பலகை ஈரக்காற்றில் விரியும், வறட்சியில் சுருங்கும். அசைய இடமில்லாவிட்டால் வெடித்துவிடும். இதைக் கவனித்தால், பிள்ளைகள் படிக்கும் மேசை பல ஆண்டு உழைக்கும்.